காஸ்ட் இஸ் மோர், மிஸ்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் நான் நடத்தும் சாயங்கால இங்கிலீஷ் கிளாஸுக்கு வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் கம்மி. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஆபீஸில் மெயில் அடிக்கிறவர்கள், ஆம்பூர் ஷூ ஃபாக்டரிக்கு ட்ரெயினில் போய்வருகிறவர்கள், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகப் பரீட்சை எழுதும் பெண்கள், போட்டித் தேர்வு எழுதி எழுதிச் சலித்தவர்கள், இப்படித்தான் இருக்கும் என் கூட்டம். டென்ஸ் எல்லாம் ஓரளவு வந்துவிடும். ப்ரிபோசிஷனைச் சமாளித்துவிடுவார்கள். அளவை ஒப்பிட வேண்டிய இடம் வந்தால்தான் எல்லாரும் ஒரே மாதிரி சறுக்குவார்கள். 'காஸ்ட் இஸ் மோர், மிஸ்.' 'சேலரி இஸ் லெஸ்.' 'கம்பேர் டு லாஸ்ட் மந்த், திஸ் மந்த் ஆர்டர் இஸ் மோர்.'

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். நாம் எல்லாரும் 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' படித்தவர்கள்தான். ராமன் வகுப்பிலேயே உயரமானவன், ராமனைப் போல உயரமானவன் வேறு எவனும் இல்லை, மற்ற எல்லாரையும்விட ராமன் உயரமானவன், இந்த மூன்று வாக்கியத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாற்றி மாற்றிச் சொல்வோம். 'வெரி ஃபியூ'வும் 'நோ அதர்'உம் பொதுத்தேர்வில் நிச்சய மதிப்பெண். ஆனால் அங்கே ஒப்பிட்டது முழுக்க முழுக்கக் குணத்தை: உயரம், அழகு, புத்திசாலித்தனம். வேலைக்குப் போன பிறகு ராமனின் உயரத்தை யாரும் கேட்பதில்லை, எத்தனை ஜோடி, எத்தனை சதுர அடி, போன தடவையைவிட எவ்வளவு குறைவு என்றுதான் கேட்கிறார்கள், அதற்கு மட்டும் நமக்குப் பாடமே இல்லை.

என் கட்சி இதுதான்: அளவை ஒப்பிடுவதை இலக்கணமாக நினைத்தால் வராது, கணக்காக நினைத்தால் வரும். எதை அடியாக, அதாவது அடிப்படையாக, வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி தப்பு தானாகப் போய்விடும். துணிக்கடை டேப்பில் ஜீரோ முனையை யாரும் பிடிக்காமல் மறுமுனையில் இருக்கிற எண்ணை மட்டும் படிக்கிற மாதிரிதான் நாம் 'மோர்' சொல்கிறோம்.

தமிழில் இந்தக் குழப்பம் வர வழியே இல்லை, ஏனென்றால் அடி முதலில் வந்துவிடும். 'போன மாசத்தைவிட இந்த மாசம் ஆர்டர் ஜாஸ்தி.' ஜாஸ்தி என்ற சொல் காதில் விழுவதற்குள் எதைவிட என்பது முடிவாகிவிட்டது. இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. எங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ், மருந்துக்கடை, மெஸ் பக்கம் போய்க் காதைத் திறந்து வைத்தால் தெரியும், ஹிந்திக்காரர் 'இஸ்ஸே ஜ்யாதா' என்பார், கொல்கத்தாவிலிருந்து வந்தவர் 'ஏர் சேயே பேஷி' என்பார், எல்லாருக்கும் 'இதைவிட' முதலில், 'அதிகம்' பிறகு. வினையைக் கடைசியில் வைக்கிற மொழிகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் என்ற மொழியியலாளர் உலக மொழிகளின் சொல் வரிசையை ஒப்பிட்டு எழுதியபோது, ஒப்பீட்டின் வரிசைக்கும் மொழியின் மற்ற வரிசைகளுக்கும் இருக்கிற இந்த உறவையும் ஒரு விதியாகவே போட்டு வைத்தார்.

ஆங்கிலத்தில் தலைகீழ். 'வீ காட் மோர் ஆர்டர்ஸ் திஸ் மந்த்...' என்று தொடங்கி, எல்லாம் முடிந்த பிறகு வால் மாதிரி 'தேன் லாஸ்ட் மந்த்'. நம் ஆள் என்ன செய்கிறார் என்றால், தமிழ் பழக்கத்தில் அடியை முதலில் போடப் பார்க்கிறார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் 'கம்பேர் டு லாஸ்ட் மந்த்'. அதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன், அது நல்ல யோசனைதான், ஒரு 'ட்' விட்டுப்போச்சு அவ்வளவுதான், 'கம்பேர்ட்' என்று சொன்னால் இங்கிலீஷ்காரனும் ஒப்புக்கொள்வான். பிரச்சினை அதற்கு அடுத்த பாதியில். அடியை முன்னாலேயே சொல்லிவிட்ட திருப்தியில் 'ஆர்டர் இஸ் மோர்' என்று மொட்டையாக முடித்துவிடுகிறோம். அதனால் நான் சொல்வது: உனக்கு அடி முதலில் வந்தால்தான் நிம்மதி என்றால் அப்படியே வைத்துக்கொள், ஆனால் பின்பாதியில் 'ஆர்டர்ஸ் ஆர் அப்' என்று சொல். குறைந்தால் 'டவுன்'. மெயிலில் இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

இன்னொரு பள்ளமும் இங்கேயே இருக்கிறது. தமிழில் 'ஆம்பூரைவிட வேலூரில் பிரியாணி விலை ஜாஸ்தி' என்று தாராளமாகச் சொல்லலாம், ஊரை வைத்து விலையை ஒப்பிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இதையே 'தி ப்ரைஸ் இன் வேலூர் இஸ் ஹையர் தேன் ஆம்பூர்' என்று எழுதினால் விலையை ஓர் ஊரோடு ஒப்பிட்டதாக ஆகும் என்று கறாரான ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். 'தேன் இன் ஆம்பூர்' என்று அந்தக் குட்டி 'இன்' வேண்டும். விலைக்கு எதிரே விலைதான் நிற்க வேண்டும். பேச்சில் இதை இங்கிலீஷ்காரர்களே விட்டுவிடுவார்கள், பரீட்சையில் மட்டும் விடாதீர்கள்.

சரி, 'காஸ்ட் இஸ் மோர்' விஷயத்துக்கு வருவோம். நம் 'ஜாஸ்தி', 'கம்மி' இரண்டும் எதன் மேலும் உட்காரும். வெயில் ஜாஸ்தி, விலை ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தி, காய்ச்சல் ஜாஸ்தி, சம்பளம் கம்மி. ஆங்கிலத்தில் 'மோர்' என்பது பொருளின் மேல்தான் உட்காரும்: மோர் மணி, மோர் பீப்பிள், மோர் ரைஸ். விலை, சம்பளம், வெப்பநிலை, வேகம் இதெல்லாம் பொருள் இல்லை, அளவுகோலில் ஒரு புள்ளி. அதற்கு ஹை, லோ. இதை வகுப்பில் நான் 'பொருளுக்கு மோர், மீட்டருக்கு ஹை' என்று சொல்லிக்கொடுக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதை ஓர் இடத்தில் பிசகில்லாமல் சொல்வாள். 'பி.பி. ஹையாம்மா, சுகரும் ஹை.' ஆஸ்பத்திரி ஊரில் பிறந்த புண்ணியம். அவளுடைய எம்.பி.ஏ. படித்த பேரன்தான் 'மை சேலரி இஸ் லெஸ்' என்பான். பாட்டியின் பி.பி. மாதிரியே உன் சம்பளமும் ஒரு மீட்டர்தான்டா, 'லோ' என்று சொல் என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

மீட்டர் என்று சொன்னதும் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, வேலூர்க்காரியாக இருந்துகொண்டு வெயிலைத் தொடாமல் எப்படிப் போவது. ஒவ்வொரு மே மாதமும் நம் ஊர் 'சதம் அடித்தது' என்று செய்தி வரும், ஃபாரன்ஹீட் கணக்கில். 40 டிகிரி செல்சியஸ் 20 டிகிரியைவிட 'ட்வைஸ் அஸ் ஹாட்' என்று யாராவது எழுதினால் நான் அதை ஃபாரன்ஹீட்டில் மாற்றிக் காட்டச் சொல்வேன். 40 என்பது 104, 20 என்பது 68. இரண்டு மடங்கு எங்கே போச்சு? ஒன்றரை மடங்குதான் இருக்கிறது. செல்சியஸின் ஜீரோ என்பது தண்ணீர் உறையும் இடம், அங்கே வெப்பமே இல்லை என்று அர்த்தம் இல்லை. அடியில் இருக்கிற ஜீரோ உண்மையான ஜீரோவாக இல்லாவிட்டால் மடங்குக் கணக்கு போட முடியாது, வித்தியாசக் கணக்குதான் போட முடியும்: 'ட்வென்டி டிகிரீஸ் ஹாட்டர் தேன்'. ரூபாய்க்கும் கிலோவுக்கும் ஆளுக்கும் இரண்டு கணக்கும் போடலாம்.

இனி கத்தரிக்காய். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் பக்கத்துப் பிரியாணிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் இலை நிறையாது என்பதும் ஊரறிந்தது. நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் கிலோவுக்கும் கிடைக்கும், தரையில் கூறு கட்டி வைத்திருக்கும் அக்காவிடமும் கிடைக்கும். கூறு என்பது எண்ணிக்கையும் இல்லை, எடையும் இல்லை. 'இன்னாக்கா, நேத்தியவிடக் கூறு கம்மியா இருக்கு' என்று பேரம் பேசினால், காய் எண்ணிக்கை குறைந்ததா, காய் சிறுத்ததா என்று அந்த அக்கா கேட்க மாட்டாள், இன்னும் ரெண்டை எடுத்து மேலே போடுவாள். தமிழ் 'கம்மி' அந்த இரண்டையும் மூடிவிடும். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன்பே முடிவு பண்ண வேண்டும்: முழுசாக எண்ணுகிற காய் என்றால் 'ஃபியூவர் பிரிஞ்ஜால்ஸ்', வெட்டிப் போட்டுக் குழம்பில் கரைந்த காய் என்றால் 'லெஸ் பிரிஞ்ஜால்'.

தமிழில் இந்தப் பாகுபாடு இல்லவே இல்லை என்று சிலர் பாடம் எடுக்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வி கேட்கும்போது நமக்கு எத்தனை வேறு, எவ்வளவு வேறு. எத்தனை காய், எவ்வளவு எண்ணெய். ஒப்பிடும்போதுதான் இரண்டையும் அதிகம், குறைவு என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆகவே வழி சுலபம். கேள்வியாகப் போட்டுப் பார். எத்தனை பொருந்தினால் மெனி, ஃபியூ, ஃபியூவர். எவ்வளவு பொருந்தினால் மச், லிட்டில், லெஸ். பத்துக்கு எட்டு இடத்தில் இது காப்பாற்றும். காப்பாற்றாத இடம் இரண்டு. ஒன்று, ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் மாதிரி ஆசாமிகள். நமக்கு எத்தனை லக்கேஜ், அவர்களுக்கு ஹௌ மச் லக்கேஜ். இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, கிலோவும் கிலோமீட்டரும். 'எத்தனை கிலோமீட்டர்' என்றுதான் கேட்கிறோம், அதற்காக 'ஃபியூவர் தேன் 150 கிலோமீட்டர்ஸ்' என்று சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார். வேலூரிலிருந்து சென்னை 'லெஸ் தேன் 150 கிலோமீட்டர்ஸ்'. எண் என்னவோ பன்மைதான், ஆனால் அந்தத் தூரம் முழுசும் ஒரே ஒரு நீளம். பணமும் காலமும் இப்படியே: லெஸ் தேன் 500 ருபீஸ், லெஸ் தேன் டூ வீக்ஸ்.

இந்த 'ஃபியூவர்' சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் இதை வைத்துக்கொண்டு ஆளை மட்டம் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். இது ஏதோ ஆதிகாலத்துச் சட்டம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃப்ரெட் அரசர் காலத்துப் பழைய ஆங்கிலத்திலேயே 'லெஸ்'ஸின் முன்னோரை எண்ணக்கூடிய பொருளோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள், அப்போது அதன் பின்னால் ஆறாம் வேற்றுமைப் பன்மை வரும், 'சொற்களில் குறைவானது' என்கிற மாதிரி. காலப்போக்கில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்து போயின, வெறும் 'லெஸ் வேர்ட்ஸ்' நின்றது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் 'ஃபியூவர்' இருந்தால் தேவலை என்று தனக்குத் தோன்றுவதாக எழுதினார். தோன்றுவதாகத்தான். ஒரு மனிதரின் ரசனை பின்னால் வந்த இலக்கணப் புத்தகங்களில் விதியாக ஏறி, கடைசியில் நம் ஊர் கேள்வித்தாளில் ஒரு மார்க் ஆகிவிட்டது. 2008இல் பிரிட்டனில் டெஸ்கோ கடைகளில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்ற பலகை தப்பு என்று கிளம்பிய முணுமுணுப்புக்குப் பயந்து, லெஸ்ஸும் வேண்டாம் ஃபியூவரும் வேண்டாம் என்று 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். புத்திசாலிகள்.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் 'மோர்' பக்கம் நடந்தது. மேலே போகும் திசையில் ஏன் 'மோர்' ஒன்றே இரண்டுக்கும் போதுமாக இருக்கிறது, கீழே வரும்போது மட்டும் ஏன் லெஸ், ஃபியூவர் என்று இரண்டு? பிள்ளைகள் கேட்கிற நியாயமான கேள்வி இது. ஒரு காலத்தில் மேலேயும் இரண்டு இருந்தது. எண்ணிக்கைக்கு 'மோ', அளவுக்கு 'மோர்'. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட அந்த 'மோ' உயிரோடு இருந்தது, அப்புறம் செத்துப்போனது, யாரும் அழவில்லை. 'மோ' செத்ததை ஒப்புக்கொண்டவர்கள் 'ஃபியூவர்' மட்டும் சாகக்கூடாது என்று ஆக்ஸிஜன் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நானும் பரீட்சைக்காகவும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகவும் அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறேன், ஆனால் பேச்சில் யாராவது 'லெஸ் பீப்பிள்' என்றால் நான் நிறுத்தித் திருத்துவதில்லை, அதைத் திருத்துகிற நேரத்தில் 'சேலரி இஸ் லெஸ்' பத்துப் பேரைத் திருத்திவிடலாம்.

தோல் ஆபீஸ்காரர்களுக்கு இந்தப் பகுதி சீக்கிரம் வரும். அவர்கள் கையில் இரண்டு கணக்கும் தினமும் ஓடுகிறது. உள்ளே வரும் ஆட்டுத்தோல் எண்ணிக்கையில், பதனிட்டு வெளியே போகும் லெதர் சதுர அடியில். அதனால் 'ஃபியூவர் ஸ்கின்ஸ், லெஸ் லெதர்' என்று ஒரு தடவை சொன்னால் போதும். ஷூ பக்கம் வேறு ஒரு சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதைத்தான் அவர்கள் மறந்துவிட்டு மெயிலில் தவிக்கிறார்கள். ஃபாக்டரியில் தமிழில் பேசும்போது எல்லாரும் 'நானூறு ஜோடி ஷார்ட்' என்றுதான் சொல்வார்கள். அதையே அப்படியே எழுதினால் சுத்தமான ஆங்கிலம்: 'வீ ஆர் 400 பேர்ஸ் ஷார்ட்'. அதை விட்டுவிட்டு '400 பேர்ஸ் லெஸ் கம்பேர் டு ஆர்டர் குவான்டிட்டி' என்று ஏன் மூச்சுமுட்ட வேண்டும்?

மடங்குதான் பெரிய மண்டையிடி. வகுப்பில் நான் கொடுக்கிற கணக்கு: மொத்த ஆர்டர் 900 ஜோடி, 'ட்வைஸ் அஸ் மெனி இன் பிளாக் அஸ் இன் பிரவுன்'. கருப்பு எத்தனை, பழுப்பு எத்தனை? பாதி வகுப்பு கருப்பு 300 என்று எழுதும். 'ட்வைஸ்' என்ற சொல்லுக்கும் 'பிரவுன்' என்ற சொல்லுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் அவர்கள் அடியைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவது 'அஸ்'ஸுக்குப் பின்னால் வருவதுதான் அடி, அதற்கு முதலில் ஒரு கட்டம் போடு, மற்றதற்கு இரண்டு கட்டம் போடு, மூன்று கட்டத்தில் 900ஐப் பிரி. பழுப்பு 300, கருப்பு 600. இலக்கணப் பிழையே இல்லாத மெயிலைப் படித்துவிட்டு நிறத்தை மாற்றித் தைத்துவிட்டால் யார் பொறுப்பு?

'டைம்ஸ் அஸ் மெனி' வரைக்கும் சண்டை இல்லை. சி.எம்.சி.யை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார், 1902இல் 40 படுக்கையோடு ஷெல் மருத்துவமனை வந்தது. 'ஃபார்ட்டி டைம்ஸ் அஸ் மெனி பெட்ஸ்', சரி. 'ஃபார்ட்டி டைம்ஸ் மோர்' என்றால்? கணக்கு வாத்தியார் 41 என்பார், இருந்த ஒன்றோடு நாற்பது கூடுதல் என்று. மற்ற எல்லாரும் 40 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாற்பதில் ஒன்று முன்னே பின்னே போனால் குடி முழுகாது, 'டூ டைம்ஸ் மோர்' என்றால்தான் இரண்டா மூன்றா என்று வயிற்றைக் கலக்கும். நம் 'மூன்று மடங்கு அதிகம்' மட்டும் என்ன வாழுகிறது, அதுவும் இதே கதைதான். சதவீதத்தில் மட்டும் எல்லாரும் திடீரென்று ஒழுங்குக்கு வந்துவிடுவார்கள்: '100 பர்சென்ட் மோர்' என்றால் இரட்டிப்பு, '200 பர்சென்ட் மோர்' என்றால் மூன்று மடங்கு. அப்படியானால் 'டூ டைம்ஸ் மோர்' இரண்டு மடங்கு, '200 பர்சென்ட் மோர்' மூன்று மடங்கு! ஒரே மொழியில், ஒரே ஆளின் வாயில். இதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், 'டைம்ஸ் மோர்' என்று எழுதவே எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

'டென் டைம்ஸ் லெஸ்' அதைவிட மோசம். எதைப் பத்தால் பெருக்கி எதிலிருந்து கழிப்பது? 'ஒன் டென்த்' என்று எழுதலாமே. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்துப் புழங்கிய மொழிக்காரர்கள் 'பத்து மடங்கு குறைவு' என்று பேச ஆரம்பித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சதவீதம் ஒழுங்கு என்று சொன்னேன், அங்கேயும் அடி நழுவும். 2022 ஜனவரி 1 முதல் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட செருப்பு, ஷூ மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதம் ஆனது. ஆம்பூர்ப் பக்கம் அப்போது இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. வரி ஏழு சதவீதம் கூடியது என்று எல்லாரும் சொன்னார்கள். கூடியது ஏழு 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. பழைய வரியை அடியாக வைத்தால் 140 பர்சென்ட் கூடியிருக்கிறது. இரண்டும் உண்மை. எதிர்க்கிறவர் 140ஐ எடுப்பார், ஆதரிக்கிறவர் 7ஐ எடுப்பார், நாம் எது என்று கேட்டு எழுத வேண்டும். விலை 20இலிருந்து 30 ஆனால் 50 சதவீதம் ஏற்றம், அதே 30 திரும்ப 20 ஆனால் 33 சதவீதம்தான் இறக்கம், ஏனென்றால் இப்போது அடி 30. கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

அடியே ஜீரோவாக இருந்தால்? வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், ஆறு மட்டும் பல வருஷம் அந்தக் கேலிக்குப் பொருத்தமாகவே கிடந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது, வறண்டு கிடந்த வருஷத்தைவிட எத்தனை மடங்கு தண்ணீர் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் எந்த இலக்கணத்தாலும் எழுத முடியாது. ஜீரோவுக்கு மடங்கு கிடையாது.

'அஸ் மெனி அஸ்' விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இரண்டு பொருளுக்கு நடுவில் வந்தால் அது சமம். தனியாக ஓர் எண்ணுக்கு முன்னால் வந்தால் அது 'அடேங்கப்பா'. 2011 கணக்கெடுப்பில் அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,007 பெண்கள். 'அபௌட் அஸ் மெனி மென் அஸ் விமன்' என்றால் சமம், சும்மா தகவல். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது நூறுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்தார்கள், ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு எங்கள் பக்கம் செத்தவர்கள் அதைவிட மிக அதிகம். இதை எழுதுகிறவர் ஒரு பக்கத்து எண்ணுக்கு 'அஸ் மெனி அஸ்', 'நோ ஃபியூவர் தேன்' போட்டு, மறுபக்கத்து எண்ணுக்கு 'சம்' என்றோ 'அரௌண்ட்' என்றோ போட்டால், எண் இரண்டும் சரியாக இருந்தும் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். 'ஒன்லி' அதைவிடப் பச்சை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் செய்தித்தாளில் எண்ணுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று அடிக்கோடிட்டுப் பழகுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

'எ ஃபியூ', 'ஃபியூ', 'எ லிட்டில்', 'லிட்டில்' எல்லா கைடிலும் இருக்கிறது, தாண்டிவிடுகிறேன். 'மோர் தேன் ஒன் ஸ்டூடன்ட் ஹேஸ்' மட்டும் ஒரு வரி. ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது இரண்டு, ஆனாலும் ஒருமை வினை. 'ஃபியூவர் தேன் டூ ஸ்டூடன்ட்ஸ் ஹேவ்' என்றால் அதிகபட்சம் ஒருத்தர், ஆனாலும் பன்மை வினை. பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்து வினை மாறுகிறது, கணக்கைப் பார்த்து இல்லை. கணக்காக நினை என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான், என்ன செய்ய.

கடைசியாக, வகுப்பில் நான் விரும்பிப் போடுகிற ஒரு பொறி. 1984இல் மரியோ மொண்டால்பெட்டி என்ற மொழியியலாளர் தன் ஆய்வேட்டில் ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்டார், அதிலிருந்த பெர்லினை எடுத்துவிட்டு நம் ஊருக்கு ஏற்றபடி நான் போர்டில் எழுதுவேன்: 'மோர் பீப்பிள் ஹேவ் பீன் டு திருப்பதி தேன் ஐ ஹேவ்.' சரியா தப்பா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். 'தேன்' இருக்கிறது, 'மோர்' இருக்கிறது, 'ஐ ஹேவ்' கூட இலக்கண சுத்தமாக இருக்கிறது.

"சரி, அர்த்தம் சொல்லு."

"என்னைவிட நிறையப் பேரு திருப்பதிக்குப் போயிருக்காங்க, மிஸ்."

"நிறையப் பேரு, சரி. நீ எத்தனை பேரு?"

அங்கேதான் விழிப்பார்கள். பேர் எண்ணிக்கையை எதோடு ஒப்பிட்டோம்? 'நான்' ஒரு ஆள், 'நான் போனது' தடவைக் கணக்கு, ஆளும் தடவையும் ஒரே தராசில் ஏறாது. வாக்கியம் காதுக்கு வழவழவென்று இறங்கிவிடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. தமிழில் சொன்னாலும் அப்படியேதான், அடி முதலில் வந்தும்கூட நம்மை ஏமாற்றிவிடுகிறது, அதனால் 'எதைவிட' என்று கேட்டால் மட்டும் போதாது, எது எதைவிட என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டியிருக்கிறது. போன பேட்சில் காட்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துவிட்டு, "அப்போ மிஸ், முன்னாடி 'மெனி பீப்பிள்' போட்டுட்டு, கடைசியில 'மோர் ஆஃபன் தேன் ஐ ஹேவ்'னு எழுதினா?" என்று கேட்டாள். எழுதலாம். தடவைக்கு எதிரே தடவை. அதையே போர்டில் எழுத வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனோம்.